நகரத்தைக் காத்த மரக்கதவு

ஊருக்குள் ஒரு பெரிய வாய்க்கால். அந்த வாய்க்காலின் குறுக்கே ஒரு கட்டடம். கட்டடத்துக்குள் ஒரு மரக்கதவு அந்தரத்தில் தொங்குகிறது.

சாதாரணக் கதவல்ல அது. அகலம் 27 அடி. உயரம் 25 அடி. கனம் 17 அங்குலம். எடை சுமார் 20 டன். பைன் மரத்தின் பெரிய பெரிய உத்தரங்களை அடுக்கி, இரும்பால் பிணைத்துச் செய்தது. திறக்கவும் மூடவும் அதற்குச் சாவி கிடையாது, சக்கரமும் கிடையாது. ஓர் இரும்புப் பட்டையில் தொங்கிக் கொண்டிருக்கும். ஆபத்து வந்தால் பட்டையை வெட்டிவிட வேண்டும். கதவு 'தடால்' என்று விழுந்து வாய்க்காலை அடைத்துவிடும்.

இந்தக் கதவு அமெரிக்காவில் மாசசூசெட்ஸ் மாநிலத்திலுள்ள லோவல் நகரத்தில் இருக்கிறது. 1850-ம் ஆண்டில் இதைச் செய்து மாட்டியபோது ஊரே சிரித்தது. இவ்வளவு மரத்தையும் பணத்தையும் கொட்டி, எப்போதோ வரப்போகும் வெள்ளத்துக்கு ஒரு கதவா என்று கேலி செய்தார்கள். அந்தக் கதவுக்குப் 'பிரான்சிஸின் பைத்தியக்காரத்தனம்' என்று பெயரே வைத்துவிட்டார்கள்.

அந்தப் 'பைத்தியக்காரர்' யார்? அவர்தான் ஜேம்ஸ் பிச்சினோ பிரான்சிஸ். அவர் பெயரைக் கேட்டறியாதவர்களும் அவருடைய வேலையின் பலனை அனுபவிக்கிறார்கள். மேட்டூர் அணையிலும் பக்ரா அணையிலும் மின்சாரம் எடுக்கச் சுழலும் நீர்ச்சக்கரங்களுக்குப் பிரான்சிஸ் சக்கரம் என்றுதான் பெயர்.

14 வயதில் வேலை

பிரான்சிஸ் அமெரிக்காவில் பிறந்தவர் அல்லர். இங்கிலாந்தில் ஆக்ஸ்போர்டு பகுதியைச் சேர்ந்த சவுத் லீ என்ற ஊரில், 1815-ம் ஆண்டு மே மாதம் 18-ந் தேதி பிறந்தார். தகப்பனாருக்கு ரெயில் பாதை, துறைமுக வேலை. பையனுக்கு 14 வயது ஆனதும் படிப்பு நின்றது. தகப்பனாருக்கு உதவியாளாக வேல்ஸ் நாட்டிலே துறைமுக வேலைக்குப் போனான். பிறகு ஒரு கால்வாய்க் கம்பெனியில் வேலை. கல்லூரி வாசலை மிதிக்காமல், கல்லையும் மண்ணையும் தண்ணீரையும் பார்த்தே தொழில் கற்றுக்கொண்டான்.

1833-ம் ஆண்டு. பிரான்சிஸுக்கு 18 வயது. கப்பல் ஏறி அமெரிக்காவுக்குப் போனார். அங்கே ஜார்ஜ் வாஷிங்டன் விஸ்லர் என்ற பெரிய என்ஜினீயரிடம் வேலை கிடைத்தது. ரெயில் பாதை போடும் வேலை. மறு வருஷமே விஸ்லர் லோவல் நகரத்துக்கு மாற்றலாகிப் போனார். இளைஞர் பிரான்சிஸையும் கூடவே அழைத்துக்கொண்டார்.

(இந்த விஸ்லருடைய மகன்தான் பிற்காலத்தில் தன் தாயார் நாற்காலியில் அமர்ந்திருப்பதைப் படமாக வரைந்து உலகப் புகழ் பெற்ற ஓவியர். அவர் பிறந்ததும் லோவலில்தான்.)

லோவலில் பிரான்சிஸுக்குக் கொடுத்த முதல் வேலை வேடிக்கையானது. இங்கிலாந்திலிருந்து ஒரு ரெயில் என்ஜினை வாங்கி வந்திருந்தார்கள். அதைத் துண்டு துண்டாகக் கழற்று, ஒவ்வொரு உறுப்பையும் அளந்து படம் வரை என்றார்கள். அவரும் திருகாணி முதற்கொண்டு அளந்து வரைந்து கொடுத்தார். அந்தப் படங்களை வைத்துக்கொண்டு லோவல் பட்டறையிலேயே ரெயில் என்ஜின் செய்தார்கள். அளக்காமல் எதையும் நம்பக் கூடாது என்ற பழக்கம் அவருக்கு அங்கேயே பிடித்துவிட்டது. கடைசி வரை விடவில்லை.

1837-ல் விஸ்லர் லோவலை விட்டுப் போனார். அந்தப் பெரிய பதவி 22 வயதுப் பிரான்சிஸுக்கு வந்தது. அதே வருஷம் சாரா என்ற பெண்ணை மணந்தார். ஆறு குழந்தைகள் பிறந்தன. அதன்பிறகு சுமார் ஐம்பது வருஷம் அவர் லோவலை விட்டு நகரவில்லை.

தண்ணீரில் ஓடிய நகரம்

லோவல் நகரத்தைப் பற்றிக் கொஞ்சம் சொன்னால்தான் பிரான்சிஸின் வேலை புரியும்.

மெரிமாக் என்று ஓர் ஆறு. லோவல் அருகே அது ஒரு பெரிய வளைவாக வளைகிறது. அங்கே பாடக்கட் அருவி. ஆறு சுமார் 32 அடி கீழே இறங்குகிறது. அருவிக்கு மேலே அணை கட்டி, தண்ணீரை வாய்க்காலில் திருப்பி ஊருக்குள் கொண்டுவந்தார்கள். வாய்க்கால்களின் மொத்த நீளம் ஐந்தரை மைலுக்கு மேல். கரையோரமெல்லாம் பஞ்சாலைகள். தண்ணீர் மேல் வாய்க்காலிலிருந்து கீழ் வாய்க்காலுக்கு விழும்போது ஆலைச் சக்கரங்களைச் சுற்றிவிட்டுப் போகும். சக்கரம் சுற்றினால் கதிர் சுற்றும், தறி ஆடும். நீராவியும் மின்சாரமும் இல்லாமலே பெரிய பெரிய ஆலைகள் ஓடின.

1850-ல் நகரத்தின் ஜனத்தொகை சுமார் 33,000. அதில் பத்தாயிரம் பேர் ஆலைத் தொழிலாளிகள். அவர்களில் பெரும்பாலோர் கிராமங்களிலிருந்து வந்த இளம் பெண்கள். அவர்கள் நூற்ற பஞ்சு, தென் மாநிலங்களில் அடிமைகளாக இருந்த கறுப்பு மக்கள் பறித்த பஞ்சு. இதையும் மறைக்காமல் சொல்லத்தான் வேண்டும்.

ஆகவே ஊருக்குச் சோறு போட்டது தண்ணீர். தண்ணீர் குறைந்தால் ஆலை நிற்கும். தண்ணீர் மிதமிஞ்சினால் ஊர் மூழ்கும். இரண்டையும் கவனிக்க வேண்டியவர் ஒரே ஆள். 1845-ல் ஆலை முதலாளிகள் எல்லோரும் சேர்ந்து வாய்க்கால் கம்பெனியைத் தங்களுக்குள் வாங்கிக்கொண்டார்கள். பிரான்சிஸையே என்ஜினீயராகவும் நிர்வாகியாகவும் வைத்தார்கள். தண்ணீருக்குப் போலீஸ் தலைவர் என்று ஜனங்கள் அவருக்குப் பட்டம் சூட்டினார்கள்.

பட்டம் பொருத்தமானதுதான். எந்த ஆலைக்கு எவ்வளவு தண்ணீர் என்று பங்கு உண்டு. ஒரு பங்கு என்பது, 30 அடி வீழ்ச்சியில் வினாடிக்கு 25 கன அடி தண்ணீர். அதை வைத்து 3,584 கதிர்களை ஓட்டலாம். ஆனால் எந்த ஆலையும் தன் பங்கோடு நிற்குமா? நம் ஊர் வயல்களில் வாய்மடைக்கு நடக்கும் சண்டை அங்கே கோடீசுவரர்களுக்குள் நடந்தது!

சண்டையைத் தீர்க்கப் பிரான்சிஸ் தடி எடுக்கவில்லை, அளவுகோல் எடுத்தார். பலகையால் தொட்டி போன்ற நேரான கால்வாய் ஒன்றை அமைத்து, அதில் தண்ணீரை விட்டார். அடியில் கனம் வைத்த குழாய்களை அதில் மிதக்கவிட்டார். குழாய் இந்தக் கோட்டிலிருந்து அந்தக் கோட்டுக்குப் போக எத்தனை வினாடி என்று கணக்கெடுத்தார். இன்னொரு முறையும் உண்டு. குறுக்கே கூர்மையான விளிம்புள்ள பலகையை வைத்து, அதன்மேல் தண்ணீர் வழியும் உயரத்தை அளப்பது. உயரம் தெரிந்தால் எவ்வளவு தண்ணீர் போகிறது என்று கணக்குப் போடலாம். அதற்கு அவர் கண்ட சூத்திரத்தை என்ஜினீயர் மாணவர்கள் இன்றும் படிக்கிறார்கள். 1855-ல் இந்தச் சோதனைகளையெல்லாம் தொகுத்து ஒரு பெரிய புத்தகமாக வெளியிட்டார். பள்ளிப் படிப்பு முடியாத மனிதர் எழுதிய அந்தப் புத்தகம் பல நாட்டு என்ஜினீயர்களுக்குப் பாடப் புத்தகமாயிற்று.

உள்நோக்கிப் பாயும் நீர்

பழைய ஆலைகளில் பெரிய மரச்சக்கரங்கள் இருந்தன. தண்ணீர் சக்கரத்தின் தொட்டிகளில் விழும். அந்தப் பாரத்தில் சக்கரம் சுற்றும். ஆனால் வெள்ளக் காலத்தில் கீழே தண்ணீர் தேங்கிவிட்டால், சக்கரம் அந்தத் தண்ணீரிலேயே உழன்று திணறும்.

இதற்கு மாற்றாக உரியா பாய்டன் என்பவர் 1844-ல் லோவலில் ஒரு புதுமாதிரிச் சக்கரம் அமைத்தார். தண்ணீருக்குள் மூழ்கியபடியே சுழலும் டர்பைன் அது. நடுவிலிருந்து தண்ணீர் வெளியே பாய்ந்து அலகுகளைத் தள்ளும். பிரான்சிஸ் அதை அளந்து, ஆராய்ந்து, பிறகு திசையை மாற்றினார். தண்ணீர் வெளியிலிருந்து உள்ளே, நடுவை நோக்கிப் பாயும்படி ஒரு சக்கரத்தை வடிவமைத்தார். இது 1848, 1849-ம் ஆண்டுகளில் நடந்தது.

உள்நோக்கிப் பாயும் எண்ணம் பிரான்சிஸுக்கு முன்பே சாமுவேல் ஹௌட் என்பவருக்குத் தோன்றியிருந்தது. அவர் 1838-லேயே அதற்கு உரிமை வாங்கியிருந்தார். ஆனால் அவருடைய சக்கரம் முரட்டு வேலை. அதைக் கணக்காலும் சோதனையாலும் செம்மைப்படுத்தியவர் பிரான்சிஸ். அவருக்குப் பின்னால் வந்தவர்களும் மேலும் மேலும் திருத்தினார்கள். பெயர் மட்டும் பிரான்சிஸ் பெயராகவே நின்றுவிட்டது.

மரத்துக்கு மருந்து

லோவலில் எங்கே பார்த்தாலும் மரம். மதகுப் பலகை மரம், பாலம் மரம், தண்ணீர்த் தொட்டி மரம். அணை கருங்கல்லால் ஆனாலும் அதன் உச்சியில் வரிசையாகப் பலகைகள். நம் நாட்டில் ஏரிக் கலிங்கின் மேல் கற்களுக்கிடையே பலகை போட்டு ஓரிரண்டு அடி தண்ணீர் அதிகமாகத் தேக்குவது உண்டல்லவா? அதே தந்திரம்தான். பலகைகளை இரும்புக் கம்பிகள் தாங்கும். வெள்ளம் மிஞ்சினால் கம்பி வளைந்து, பலகை போய்விடும். அணை தப்பிக்கும்.

நனைந்தும் காய்ந்தும் மாறி மாறிக் கிடக்கும் மரம் சீக்கிரம் உளுத்துப்போகும். அதனால் 1848-ல் வாய்க்கால் கம்பெனி மரத்துக்கு மருந்தூட்டும் பட்டறை ஒன்றை ஏற்படுத்தியது. பாதரசம் கலந்த கரைசலில் மரத்தை ஊறப்போடுவார்கள். பிரான்சிஸ் இங்கிலாந்துக்கே போய் அங்கு மரத்தைக் காக்கும் முறைகளைப் பார்த்து வந்தார். 1850-ல் துத்தநாக உப்பைச் செலுத்தும் மற்றொரு முறையும் லோவலுக்கு வந்தது.

இதற்கிடையில் 1846-ல் அவர் புதிய வடக்குக் கால்வாயைத் தொடங்கியிருந்தார். 100 அடி அகலம். ஆற்றின் ஓரமாகவே மிக உயர்ந்த கல்சுவர் எழுப்பி, சுவருக்கு இந்தப் பக்கம் கால்வாய், அந்தப் பக்கம் ஆறு என்று ஓடவைத்தார். நூற்றுக்கணக்கான கூலிகள் ஆற்றோரம் உழைத்தார்கள். ஆலைகளுக்குத் தாராளமாகத் தண்ணீர் கிடைத்தது.

பழைய கணக்கு

தண்ணீர் வந்தது. ஆனால் பிரான்சிஸுக்குத் தூக்கம் வரவில்லை.

காரணம் ஒரு பழைய வெள்ளம். 1785-ல் மெரிமாக் ஆறு பயங்கரமாகப் பொங்கியிருந்தது. அப்போது லோவல் நகரமே இல்லை. வயலும் காடும்தான். ஆகவே அந்த வெள்ளத்தை யாரும் பெரிதாக நினைவில் வைக்கவில்லை. பிரான்சிஸ் அது எவ்வளவு உயரம் வந்தது என்று தேடிப்பிடித்தார்.

பிறகு கணக்குப் போட்டார். அதே வெள்ளம் திரும்ப வந்தால் என்ன ஆகும்? ஊருக்குச் சோறு போடும் பழைய பாடக்கட் கால்வாயே ஊருக்கு எமனாகும். ஆறு பொங்கினால், கால்வாயின் தலைமதகை மீறித் தண்ணீர் உள்ளே புகும். அருவியைச் சுற்றிக்கொண்டு நேராக நகரத்தின் நடுவே பாயும். ஆலை, வீடு, கடை எல்லாம் போகும். படகுகள் போவதற்காக விட்டிருந்த வழிதான் எல்லாவற்றிலும் பலவீனமான இடம்.

அந்த இடத்தில்தான் 20 டன் மரக்கதவைத் தொங்கவிட்டார். இரு பக்கமும் கல்லில் பள்ளம் வெட்டி, கதவு நேராக இறங்கும்படி செய்தார். சக்கரமும் சங்கிலியும் வைத்திருக்கலாமே என்று தோன்றும். வெள்ள இரவில் சங்கிலி சிக்கினால்? இரும்பை வெட்டினால் மரம் விழுந்துதான் ஆகவேண்டும். பூமியின் இழுப்பு ஒரு நாளும் மக்கர் செய்யாது. இதுதான் அவர் யோசனை.

ஊர் சிரித்த கதையை முன்பே சொன்னோம். சிரிப்பு இரண்டு வருஷம் கூட நீடிக்கவில்லை.

1852-ம் ஆண்டு ஏப்ரல் மாதம். பனி உருகியது. கூடவே மழை. மெரிமாக் ஏறிக்கொண்டே வந்தது. ஏப்ரல் 22-ந் தேதி விடிவதற்குள் அபாயக் கட்டம் வந்துவிட்டது. கதவை இறக்க உத்தரவாயிற்று. ஓர் ஆள் மேலே ஏறி, உளியால் இரும்புப் பட்டையை வெட்டினான். பட்டை அறுந்தது. கதவு இறங்கியது. கால்வாயின் வாய் அடைபட்டது.

ஆறு கதவின் மேல் மோதிக்கொண்டு நின்றது. உள்ளே புக முடியவில்லை. நகரத்தின் நடுப்பகுதி பிழைத்தது. சிரித்தவர்களே கூடி வெள்ளிப் பரிசு கொடுத்து அவரைக் கொண்டாடினார்கள்.

மேல் ஊர்க்காரர் கோபம்

எல்லாருக்கும் அவர் நல்லவராகவே இருந்தார் என்று சொல்ல முடியாது. கோடையில் ஆறு மெலிந்துவிடும். அதற்காக லோவல், லாரன்ஸ் ஆலை முதலாளிகள் வடக்கே நியூ ஹாம்ப்ஷயர் மாநிலத்திலுள்ள ஏரிகளைப் பிடித்தார்கள். 1845 முதல் ஒவ்வொன்றாக வாங்கி, 100 சதுர மைலுக்கும் அதிகமான நீர்ப்பரப்பைத் தங்கள் கைக்குள் கொண்டுவந்தார்கள். ஆலைக்கு வேண்டியபோது ஏரி மதகு திறக்கும். வேண்டாதபோது மூடும்.

ஏரிக்கரை விவசாயிகளின் புல்வெளிகள் மூழ்கின. அங்கிருந்த சிறு ஆலைக்காரர்கள் தண்ணீருக்குக் காத்துக்கிடந்தார்கள். 1859 செப்டம்பரில் ஒரு கூட்டம் கோடாலியும் கடப்பாரையுமாக வந்து ஏரி அணையை உடைக்க முயன்றது. முடியவில்லை. கீழ் ஊரின் கணக்குப் புத்தகத்தில் மேல் ஊரின் வயலுக்கு இடமில்லாமல் போனது. பிரான்சிஸ் முதலாளிகளின் ஊழியர். அவர்களுக்கு வேண்டியதைச் செய்தார்.

உடைந்த அணைகள்

பிரான்சிஸின் பெயர் நாடெங்கும் பரவியது. எங்கே அணை உடைந்தாலும் அவரைக் கூப்பிட்டார்கள். 1874-ல் அதே மாசசூசெட்ஸ் மாநிலத்தில் மில் நதியின் மேல் இருந்த ஒரு மண் அணை உடைந்து 139 பேர் மாண்டார்கள். அதை ஆராய்ந்த நிபுணர்களில் அவரும் ஒருவர். 1880-ல் அமெரிக்க சிவில் என்ஜினீயர்கள் சங்கத்துக்குத் தலைவரானார். வயதான பிறகு லோவல் வேலையிலிருந்து ஓய்வு பெற்றார். அவருடைய மகன் அந்த இடத்துக்கு வந்தார்.

ஓய்விலும் ஒரு பெரிய சோதனை காத்திருந்தது. 1889-ம் ஆண்டு மே 31-ந் தேதி பென்சில்வேனியா மாநிலத்தில் சவுத் போர்க் அணை உடைந்தது. ஜான்ஸ்டவுன் நகரம் அழிந்தது. செத்தவர்கள் 2,209 பேர். அணை பெரும் பணக்காரர்களின் உல்லாச சங்கத்துக்குச் சொந்தம். மீன் தப்பிப் போகாமலிருக்க வடிகாலில் வலை போட்டிருந்தார்கள். அணையின் உச்சியைத் தாழ்த்தியிருந்தார்கள். அடியிலிருந்த வெளியேற்றுக் குழாய்களும் போய்விட்டிருந்தன.

விசாரிக்க என்ஜினீயர்கள் சங்கம் நால்வரை நியமித்தது. 74 வயதுப் பிரான்சிஸ் அவர்களில் ஒருவர். அறிக்கை தயாரான பிறகும் வெகுநாள் வெளிவரவில்லை. 1891-ல்தான் வந்தது. அணையை முன்பிருந்தபடியே வைத்திருந்தாலும் அந்த மழைக்கு அது உடைந்திருக்கும் என்று அறிக்கை முடிவு சொன்னது. பணக்காரர்களுக்கு அது பெரிய நிம்மதி. ஆனால் இக்காலத்து நிபுணர்கள் அந்த முடிவை ஒப்புக்கொள்ளவில்லை. உச்சியைத் தாழ்த்தாமல், வழிகளை அடைக்காமல் இருந்திருந்தால் அணை தப்பியிருக்கக்கூடும் என்று புதிய கணக்குகள் காட்டுகின்றன.

65 வருஷங்களுக்கு முந்திய வெள்ளத்தையும் மறக்காமல் கதவு செய்து மாட்டியவர், அந்த அறிக்கையில் எப்படிக் கையெழுத்திட்டார்? இந்தக் கேள்வி அவருடைய வாழ்க்கையில் ஒரு முள்ளாகவே நிற்கிறது.

1892-ம் ஆண்டு செப்டம்பர் 18-ந் தேதி பிரான்சிஸ் காலமானார். வயது 77.

மீண்டும் விழுந்த கதவு

கதவை மறுபடி தூக்கி, புது இரும்பில் தொங்கவிட்டிருந்தார்கள். வருஷங்கள் போயின. ஆலைகளுக்கு நீராவி வந்தது, மின்சாரம் வந்தது. தண்ணீருக்குப் பெரிய வேலை இல்லாமல் போயிற்று. ஆலைகளும் ஒவ்வொன்றாக மூடின. கதவு மட்டும் தொங்கிக்கொண்டிருந்தது.

1936-ம் ஆண்டு மார்ச் மாதம் மெரிமாக் ஆறு மீண்டும் வெறிபிடித்து வந்தது. 1852-ஐ விடப் பெரிய வெள்ளம். லோவலின் தாழ்ந்த பகுதிகள் பல மூழ்கின. இரும்பை வெட்டினார்கள். 86 வயது மரக்கதவு இரண்டாவது முறையாக இறங்கியது. நகரத்தின் நடுப்பகுதி மறுபடியும் தப்பியது. கதவைச் செய்தவர் இறந்து 44 வருஷம் ஆகியிருந்தது.

2006-ம் ஆண்டு மே மாதம் பெருமழையால் ஆறு பொங்கியபோது, கிழக்கதவை விழவிடவில்லை. அதற்குப் பதிலாக எஃகுத் தடுப்புகளை இறக்கி வாய்க்காலை அடைத்தார்கள்.

1978-ல் லோவலின் வாய்க்கால்களையும் பழைய ஆலைகளையும் அமெரிக்க அரசாங்கம் தேசிய வரலாற்றுப் பூங்காவாக்கியது. பார்க்க வருகிறவர்களைப் படகில் ஏற்றி பாடக்கட் கால்வாய் வழியாகத் தலைமதகு வரை அழைத்துப் போவதுண்டு. அங்கேதான் பிரான்சிஸின் கதவு தொங்குகிறது.